சிலம்பின் முதல் நகரம்: காவிரிப்பூம்பட்டினத்தின் மண்ணும் மரமும்

புகார் நகரை விட்டு மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனும் கண்ணகியும் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். அவன் திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் தரிசிக்கப் புறப்பட்டவன். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் இச்செய்தி, சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு அறிமுகமானதே. வேங்கட மலை இன்றும் நிற்கிறது. மதுரையும் வாழும் நகரமாக இருக்கிறது. ஆனால், காதலர் இருவரும் மணந்து இல்லறம் தொடங்கிய புகார் மட்டும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது கவிஞரின் கற்பனையா, மெய்யான ஊரா என்னும் வினா இதனாலேயே எழுந்தது.

புகாரைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறுகிறது. பட்டினப்பாலையோ கடல்வழி வந்த குதிரைகளையும், மிளகு மூட்டைகளையும், சுங்கத்தில் இடப்பெறும் புலி முத்திரையையும் விவரிக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க அறிஞர் 'கபேரிஸ்' என்றதொரு வாணிகத் துறையைக் குறித்துள்ளார். எனினும், நூற்சான்று வேறு, மண்சான்று வேறு.

மத்திய அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1960களின் தொடக்கத்தில் பூம்புகாரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் அகழாய்வைத் தொடங்கிற்று. கீழையூரில் செங்கல்லால் கட்டப்பெற்ற மேடையொன்றும், அதனருகே நடப்பெற்றிருந்த மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. இது படகுகள் வந்து நின்ற துறையெனக் கொள்ளப்பட்டது. வாணகிரியில் நீர்த்தேக்கம் ஒன்றும், பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரம் ஒன்றும் கிடைத்தன. புலிச்சின்னம் பொறித்த சோழர் சதுரச் செப்புக்காசுகளும், உட்புறத்தில் சிறு பற்கோடுகள் வட்டமாக உருட்டிப் பதிக்கப்பெற்ற மட்கல ஓடுகளும் இப்பகுதியில் அகப்பட்டன. அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் கிடைத்த ஓடுகளும் இவ்வகையினவே.

கீழையூர் மரக்கம்பத்தின் வயதைக் கணித்த முறை மாணவருக்கு விளக்கத்தக்கது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனையும் சிறிதளவு ஏற்கிறது. மரம் மாண்டபின் அந்த வரவு நின்றுவிடும். இருப்பது தேயத் தொடங்கும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியிருக்கும் அளவைக் கொண்டு காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையால் கம்பத்தின் காலம் ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனப் பெறப்பட்டது. இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. இக்கணக்கு தருவது மரம் வளர்ந்த காலத்தையே அன்றி, துறை கட்டப்பெற்ற காலத்தை அன்று. பழைய மரத்தைப் பிற்காலத்தவர் பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஆதலின், செங்கல், ஓடு, காசு, மண்ணடுக்கு ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவு காணல் வேண்டும்.

கடலின் கதை இன்னும் சிக்கலானது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1980களிலிருந்து இக்கரையை ஆராய்ந்தது. அலைபடும் பகுதியிலேயே சுடுமண் உறைகிணறுகள் காணப்பட்டன. குடிநீர்க் கிணற்றை அலையினூடே எவரும் தோண்டார். எனவே, கரை உள்வாங்கி வந்துள்ளது என்பது தெளிவு. இக்கரையோர ஊர் ஒரே இரவில் மூழ்கிற்றா, அலையரிப்பால் சிறுகச் சிறுகத் தேய்ந்ததா என்பதைக் கிணறு சொல்லாது.

கரைக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்று காணப்பட்டது. அது பதினோராயிரம் ஆண்டுப் பழைய நகரம் எனச் சிலர் பறைசாற்றினர். அவ்விடம் நிலமாக இருந்த காலம் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது என்பது மெய்யே. ஆயினும், ஓர் இடம் நிலமாக இருந்தது என்பதால் மட்டும் அதன் மேலுள்ள அமைப்பு மனிதர் கட்டியது ஆகிவிடாது. வகுப்பில் இவ்வேறுபாட்டைக் கூறாது விட்டால், மாணவர் உறைகிணற்றையும் இவ்வமைப்பையும் ஒரே தரமான சான்றாக எண்ணிவிடுவர்.

ரோமியோ-ஜூலியத் கதையால் புகழ்பெற்ற இத்தாலியின் வெரோனா நகரில், ஜூலியத்தின் இல்லமெனக் காட்டப்பெறும் வீட்டின் மாடமுகப்பு 20ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது. நகரம் மெய், மாடம் பின்னாளது. பூம்புகாரில் 1973ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் நினைவுச்சின்னமே தவிரப் பழஞ்சான்று அன்று. கோவலன் இல்லத்தை இதுவரை எந்த அகழ்குழியும் காட்டவில்லை. துறைமுக நகரம் ஒன்று இருந்ததென்பது மட்டுமே நிலைநாட்டப்பட்டுள்ளது.

இம்முறையை அறியப் பூம்புகார்வரை செல்லவேண்டியதில்லை. ரேணிகுண்டாவை அடுத்த குடிமல்லத்தில் 1973ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, இன்றைய கற்கோயிலுக்கு முற்பட்ட செங்கற்பணியின் எச்சங்கள் வெளிப்பட்டன. கிணறு வெட்டும்போதோ, வரப்பு சமன்செய்யும்போதோ உறையோ, பெரிய செங்கல்லோ, காசோ தென்படுமாயின், களப்பணியாளர் அதை இடத்தினின்று அகற்றாது, ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொண்டு வருவாய் அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். அடுக்கினின்று பெயர்த்தெடுத்த காசு தன் காலத்தைச் சொல்லலாம். தான் கிடந்த இடத்தின் காலத்தைச் சொல்லாது.