எல்லைக்கோட்டுக்கு வெளியேயும் கற்றல்

பள்ளி ஹாக்கி அணிக்கு 16 பேரைத் தேர்வு செய்தால், கோல்கீப்பர் உட்பட 11 பேர்தான் ஒரே நேரத்தில் களத்தில் ஆட முடியும். மற்ற ஐவரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பார்கள். பைகளைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, கைதட்டுவது ஆகியவையே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் வேலை. இரண்டு மூன்று போட்டிகள் இப்படிக் கழிந்தால், காலைப் பயிற்சிக்கு முதலில் வராமல் நின்றுவிடுபவர்களும் இவர்கள்தான். இவர்களைத் தக்கவைக்க ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. கற்பதற்கு ஒரு பணியும் வேண்டும்.

ஹாக்கி தரும் வாய்ப்பு

ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே செல்லலாம். ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெனால்டி கார்னர் வழங்கப்பட்டது முதல் அது முடியும்வரை மட்டும் பொதுவாக ஆளை மாற்ற முடியாது. எனவே, வெளியிலிருந்து பார்த்துக் கற்றதைச் சில நிமிடங்களிலேயே களத்தில் செய்து பார்க்கலாம். மேலும், குனிந்து ஆடுபவரின் கண் பந்தின் மீதே இருக்கும். காலியாக உள்ள இடம் வெளியே இருப்பவருக்குத்தான் எளிதில் தெரியும்.

ஆளுக்கொரு கேள்வி

‘ஆட்டத்தை நன்றாகக் கவனி’ என்று சொன்னால் மாணவர் பந்தைத்தான் பார்ப்பார். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஆளுக்கு ஒரு கேள்வியை ஒப்படைக்கலாம்.

1. நீ ஆடும் இடத்தில் இப்போது ஆடுபவர், பந்து வருவதற்கு முன் எங்கே நிற்கிறார்?
2. நாம் பந்தை எங்கே இழக்கிறோம்? களத்தின் படம் வரைந்து புள்ளி வை.
3. எதிரணியின் பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்துபவர் யார், அடிப்பவர் யார், எந்தப் பக்கம் அடிக்கிறார்?

முழுப் போட்டி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கும். முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் பின் 2 நிமிட இடைவேளை உண்டு. அப்போது முதலில் பேசுபவர்கள் வெளியே இருந்தவர்களாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். ‘சரியா ஆடல’ என்பது குறிப்பாகாது. ‘இடது ஓரத்தில் மூன்று முறை பந்தை விட்டோம்’ என்பதே குறிப்பு.

குறுவட்டப் போட்டி ஒன்றில், கணுக்கால் சுளுக்கால் ஆட முடியாத எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், எதிரணி இரண்டு கார்னரிலும் ஒரே பக்கம் அடித்ததைக் குறித்துச் சொன்னார். மூன்றாவது கார்னரை எங்கள் அணி தடுத்தது. ஆட்டத்தில் தோற்றோம். ஆனால், அடுத்த நாள் பயிற்சிக்கு அவர் தாளோடு வந்து நின்றார்.

கவனிக்க வேண்டியவை

கூர்ந்து பார்ப்பது ஆடுவதற்கு மாற்றாகிவிடக் கூடாது. யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதையும் குறித்து வைப்போம். ஒரே மாணவர் போட்டிக்குப் போட்டி வெளியிலேயே இருந்தால் அந்தப் பதிவு நமக்குக் காட்டிக்கொடுக்கும். போட்டி இல்லாத நாட்களில், 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களின் காணொலியை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையிட்டு, இதே கேள்விகளுக்கு விடை தேடச் செய்யலாம்.

வகுப்பறையிலும் இந்த நிலை உண்டு. ஓர் ஆய்வகக் கருவியை இருவர் கையாள, எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். அந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கேள்வி கொடுப்போம். அடுத்த முறை கருவியையும் அவர்கள் கையில் கொடுப்போம்.