கன்ட்ரோல் சி அழுத்தினால் நின்றே தீருமா?

2010 டிசம்பர் 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 ராக்கெட் ஒரு நிமிடத்துக்குள் தறிகெட்டது. 64-வது நொடியில் தரையிலிருந்து அழிப்புக் கட்டளை போனது. சிதறிய துண்டுகள் வங்கக் கடலில் விழுந்தன. 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருந்தபோது கவுன்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து அதே ராக்கெட் நல்லபடியாகக் கிளம்பியது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனைக் கலத்தை, 5 நொடி மிச்சமிருக்கையில் கணினியே பிடித்து நிறுத்தியது. கோளாறைச் சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவில் நடந்தவை இவை. ஏவுதல் நாளில் கடலுக்குப் போகத் தடை என்பதால் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் குப்பத்துக்காரர்களுக்கு, நிறுத்துவதில் இத்தனை வகை உண்டு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் ஷெல் முன் உட்காருகிறவர்கள்தான் எல்லாவற்றையும் ஒரே நிறுத்தமாக நினைக்கிறார்கள். தமிழக அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கடலோர வீடுகளுக்கும் அந்தக் கறுப்புத் திரை அப்படி வந்து சேர்ந்தது. கூடவே சில செவிவழிச் செய்திகளும்.

நம்பிக்கை: கன்ட்ரோல் சி அழுத்தினால் ஷெல் அந்த நிரலைக் கொன்றுவிடும்.

ஷெல்லுக்கு இதில் பங்கே இல்லை. விசையழுத்தத்தைக் கவனிப்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் பகுதி. அது முன்னணியில் ஓடும் நிரல்கள் அத்தனைக்கும் 2-ஆம் எண் சிக்னலான சிக்-இன்ட்டை அனுப்புகிறது. வாங்கிக்கொண்ட நிரல் சாகலாம், சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பலாம், காதிலேயே போட்டுக்கொள்ளாமலும் இருக்கலாம். பைத்தானைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல் சி அழுத்திப் பார்த்தால் தெரியும்: ஒரு வரி முனகிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

நம்பிக்கை: கன்ட்ரோல் இசட் அழுத்தினால் வேலை முடிந்தது.

முடியவில்லை, உறைந்து கிடக்கிறது. பிடித்த நினைவகம் பிடித்தபடியே இருக்கும். ஜாப்ஸ் கட்டளை அதைப் பட்டியலில் காட்டும், எஃப்ஜி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

நம்பிக்கை: எதற்கும் கில் -9 போட்டுவிட்டால் பத்திரம்.

இதுதான் அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை. எண் எதுவும் கொடுக்காத கில் கட்டளை அனுப்புவது 15-ஆம் எண்ணான சிக்-டெர்ம். கோப்பை எழுதி மூடிவிட்டுப் போ என்ற கோரிக்கை அது. 9-ஆம் எண்ணான சிக்-கில்லை எந்த நிரலாலும் பிடிக்கவோ மறுக்கவோ முடியாது. கெர்னலே கதையை முடித்துவிடும்.

கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைத் தினமும் காலையில் இறக்கி வைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்துக்கொள்வோம். 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாக அது ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்குகிறது. பாதியில் சிக்-கில் வந்தால் அரைகுறைக் கோப்பும் அந்தப் பூட்டும் அப்படியே தங்கிவிடும். மறுநாள் காலை ஸ்கிரிப்ட் பூட்டைப் பார்த்து, ஏற்கெனவே யாரோ ஓடுவதாக எண்ணித் திரும்பிவிடும். திரையில் இருப்பதோ நேற்றைய அலை.

சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே சொல்லி வைக்கும் ட்ராப் கட்டளையில் எக்ஸிட் என்று எழுதி வைத்தால் எப்படிச் செத்தாலும் சுத்தமாகிவிடும் என்பார்கள். பாஷ் ஷெல்லில் சிக்-இன்ட்டுக்கும் சிக்-டெர்முக்கும் அது சரி. சிக்-கில்லுக்கு ட்ராப் ஓடவே ஓடாது. இன்னொரு வினை: டெபியன் குடும்ப லினக்ஸில் எஸ்ஹெச் என்று தொடங்கும் ஸ்கிரிப்டை இயக்குவது பெரும்பாலும் டாஷ் என்ற வேறொரு ஷெல். சிக்னலால் சாகும்போது அது எக்ஸிட் ட்ராப்பை ஓட்டாது. சிக்னல்களைப் பெயர் சொல்லித் தனியாக எழுத வேண்டும்.

எழுதினாலும் உடனே ஓடும் என்பதில்லை. ஸ்கிரிப்ட் ஸ்லீப் 3600 என்று தூங்கிக்கொண்டிருக்கையில் அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் சிக்-டெர்ம் அனுப்பினால், தூக்கம் முடியும்வரை, அதாவது ஒரு மணி நேரம்வரை, பாஷ் ட்ராப்பைத் தொடாது. இதைப் பார்த்துத்தான் பலர் 'கேட்கவில்லை' என்று பொறுமையிழந்து ஒன்பதுக்குத் தாவுகிறார்கள். ஸ்லீப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு வெயிட் கட்டளையில் காத்திருந்தால் ட்ராப் அந்தக் கணமே ஓடும். பின்னணியில் தூங்கும் ஸ்லீப்பை அதே ட்ராப்புக்குள் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அநாதையாகத் தூங்கிக்கொண்டேயிருக்கும்.

ஒன்பதும் சர்வ வல்லமை படைத்ததல்ல. பழுதான வட்டின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் நிரல், அந்தக் காத்திருப்பு முடியும்வரை சாகாது. ஸாம்பி என்று பட்டியலில் தெரிவது ஏற்கெனவே செத்தது. அதை மறுபடி கொல்ல முடியாது. தாய் நிரல் அதன் முடிவுக் குறியீட்டை வாங்கிக்கொண்டால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். அந்தக் குறியீடுகளும் படிக்கத் தகுந்தவை: பாஷில் 130 என்றால் 128-உடன் 2, கன்ட்ரோல் சி வேலை. 137 வந்தால் யாரோ ஒன்பதை எடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது சிக்னலே அல்ல. கைதவறிக் கன்ட்ரோல் எஸ் பட்டுத் திரை உறைந்ததும், மெஷின் படுத்துவிட்டதென்று பவர் பட்டனை அமுக்குபவர்கள் உண்டு. நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, திரைக்கு வரும் எழுத்துகள்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் தேங்கியதெல்லாம் மளமளவென்று கொட்டும்.