பூவரசங் கிண்ணம்

மரக் கடைசலில் பிரியமுள்ள நாங்கள் ஏழெட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சிநேகிதரின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், பங்கு போட்டு வாங்கிய ஒரே கடைசல் இயந்திரத்தைச் சுற்றிக் கூடுகிறோம். ஆசிரியர், வைத்தியர், வங்கிக் குமாஸ்தா என்று எங்கள் உத்தியோகங்கள் பலவாயினும், குரு ஸ்தானத்தில் இருப்பவர், கட்டில் கால்களும் தொட்டில் கம்புகளும் கடைந்தே ஆயுளைக் கழித்த முதிய ஆசாரியார் ஒருவர்.

சென்ற ஆண்டு மழையில் சாய்ந்த பூவரசு ஒன்றை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். பச்சை மரம் உளிக்கு அநுகூலமாக இருந்த உற்சாகத்தில், சீவல்கள் நாடா நாடாவாகச் சுருண்டு விழ, என் பங்குக் கட்டையை அன்று மாலைக்குள்ளேயே மெல்லிய கிண்ணமாகக் கடைந்து முடித்து, வீட்டு ஜன்னலோரத்தில் வைத்தேன். மூன்றாம் நாள், வட்டமாயிருந்த அதன் வாய் முட்டை வடிவாகக் கோணியிருந்தது. விளிம்பிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. ஆசாரியார் அதை வாங்கி, வெடிப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி மரம், ஐயா. நட்ட நடு மையத்தையும் எடுக்காம விட்டுட்டீங்க. அங்கதான் மொதல்ல பிளக்கும்" என்றார்.

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 2 மடங்கு சுருங்குகிறது. இழைகள் குறுக்கே வெட்டுப்பட்ட முகங்களிலோ ஈரம் மிக விரைவில் வெளியேறிவிடுகிறது. ஆகையால் இப்போது நாங்கள், மையத்தை விலக்கிக் கட்டையை இரண்டாகப் பிளந்து, 10 அங்குல விட்டமுள்ள கிண்ணத்துக்கு 1 அங்குலக் கனம் விட்டு முரட்டுத்தனமாகக் கடைந்து, இழைமுகங்களில் மெழுகு பூசி, அதன் சீவல்களோடேயே காகிதப் பையில் கட்டிக் காற்றோட்டமான நிழலில் வைத்துவிடுகிறோம். மாதந்தோறும் தராசில் நிறுத்து எடையைப் பையின்மேல் எழுதுவது வழக்கம். எடை குறைவது நின்ற பிறகே, கோணிய கட்டையை மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி, உரிய மெல்லிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். மாதக்கணக்கில் காத்திருக்கும் இந்தப் பொறுமைதான் கடைசலில் மிகக் கடினமான அப்பியாசம் என்பது என் அபிப்பிராயம்.

உளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுழலும் மரத்தின்மேல் முதலில் பட வேண்டியது கூர்முனை அன்று, அதன் பின்னுள்ள சாய்வு; அந்தச் சாய்வு மரத்தின்மேல் தவழ்ந்த பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் வெட்டு தானாகவே தொடங்கும். நேரே முனையைக் கொடுத்தால் மரம் உளியைக் கவ்வி இழுத்துவிடும். தோளில் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் இயந்திரத்தின் அருகே ஒருநாளும் கூடாது.

உங்கள் தெருவில் பூவரசோ வாகையோ வேம்போ சாய்ந்தால், அதை விறகுக்கு அனுப்புமுன் அருகில் கடைசல் பழகுவோர் இருக்கிறார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள். வெட்டிய அன்றே முனைகளில் மெழுகு பூசி வைத்தீர்களானால் பேருதவியாயிருக்கும்.