கடைசித் தவணை கொல்லத்தில்

ஆயக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆலப்புழையில் பழைய ஹவுஸ்போட் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கித் தண்ணீர் வழியாகவே கொல்லத்துக்கு ஓட்டி வந்து அஷ்டமுடிக் காயலில் கட்டிப்போட ஆசை என்று நீ எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "கொய்யாத் தோப்புக்காரன் பிள்ளைக்குப் படகு எதுக்குடா?" என்றுதான் முதலில் கேட்டாள். நம் மலைக்கு மேலேயே படகு ஏறியிருக்கிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடைகளை மறித்துக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் வரவழைத்தார். மோட்டார் சாலை வர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆயிற்று. கடற்கரைப் படகு ஏழாயிரம் அடி மலை ஏறியிருக்கும்போது நீ ஆலப்புழையிலிருந்து கொல்லம் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாங்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. கொச்சிப் பக்கம் படகு எஞ்சின் பட்டறைகளில் காலம் தள்ளியவன் என்பதால் எப்படி வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கட்டில், திரைச்சீலை, ஏசி, முன்னால் இரண்டு பிரம்பு நாற்காலி, புதிதாக வேய்ந்த கூரை. தண்ணீருக்குக் கீழே இருப்பதற்கு ஒரு படம்கூட இல்லை. படுக்கையறையை எந்தத் தச்சனும் இரண்டு வாரத்தில் புதிதாக்கிவிடுவான். அடிப்பலகை போயிருந்தால் நீ வாங்குவது விறகு.

இந்தப் படகுகளின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும். ஹவுஸ்போட் என்று இன்று சொல்வதெல்லாம் முன்பு கெட்டுவள்ளம். குட்டநாட்டு நெல்லையும் மலைச்சரக்கையும் கொச்சிக்குச் சுமந்த சரக்குப் படகு. ஆயினிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டி, முந்திரிக்கொட்டையிலிருந்து காய்ச்சி எடுத்த கறுப்புப் பூச்சைப் பூசுவார்கள். சாலையும் பாலமும் லாரியும் வந்ததும் வள்ளங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாரோ அதன்மேல் மூங்கில் கூரை போட்டு அறை கட்டிச் சுற்றுலாப் பயணியை ஏற்றினார்கள். இன்று வேம்பநாட்டுக் காயலில் அவை இடித்துக்கொண்டு நிற்கின்றன. அதாவது அடி வேறு காலத்தது, மேல் வேறு காலத்தது. இரண்டுக்கும் வயது ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. விற்கிறவர் சொல்லும் வயது எதனுடைய வயது என்று கேள்.

ஆகவே முதல் வேலை, படகை யார்டில் கரையேற்றச் சொல்வது. கூலியை நீயே கொடு, தயங்காதே. ஏறியதும் ஒரு மரச்சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போ. நல்ல பலகை கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று அமுங்கும். தண்ணீர்க் கோடு ஓடும் இடத்தில், ஒரு நாள் நனைந்து ஒரு நாள் காயும் அந்தச் சாண் அகலத்தில், ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்து. எப்போதும் நனைந்தே கிடக்கும் மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. நனைந்து நனைந்து காய்வதுதான் கெடும். அதைவிட மோசம் உள்ளே. குளியலறைத் தரைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார். உப்புத் தண்ணீர் மரத்தை ஓரளவு காப்பாற்றும். ஷவரிலும் மழையிலும் ஒழுகும் நல்ல தண்ணீர்தான் உள்ளிருந்தே அரிக்கும். சிலர் பழைய பலகைமேல் ஃபைபர் போர்த்தி வழவழவென்று வண்ணம் அடித்திருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் ஃபைபருக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் சிக்கிக்கொண்டால் நோயைப் போர்வைக்குள் மூடி வைத்த கதைதான். ஃபைபர் போர்த்திய வள்ளத்தை வாங்குவதானால் ஓரிரு இடங்களில் துளையிட்டு மரத்தூளைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி கேள். சாயம் போன ஈரத்தூள் வந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடு.

அடுத்தது மாடி. இந்தப் படகில் மேல்தளம் பிறகு சேர்த்தது என்று உன் கடிதத்தில் ஒரு வரி போகிற போக்கில் வந்தது. எனக்குத் தூக்கம் போனது அந்த வரியால்தான். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. தேக்கடி நமக்குத் தூரமில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் இந்தப் பக்கத்து ஊர்களிலும் பலர் பதறினார்கள். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர் போனார்கள். அது மீன்பிடிப் படகாகப் பிறந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். இரண்டிலும் பாடம் எடையைப் பற்றியது. மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகைத் தலைகனக்க வைக்கும். மேல்தளம் சேர்த்த பிறகு சர்வேயர் வந்து பார்த்து எழுதிய சான்று இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் அந்தத் தளத்தைப் பிரித்தெடுக்கும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசு. சுற்றுலாக்காரர் மாடிதான் கேட்பார் என்று சொல்வாய். கேட்கட்டும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வக்கீல் இருக்கிறார். 1917-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்று, சர்வே சான்று, இன்சூரன்ஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். நகலை நம்பாதே, துறைமுக அலுவலகத்தில் மூலப் பதிவேட்டைப் பார். வங்கிக் கடன் பாக்கி உண்டா என்றும் அங்கேயே தெரிந்துவிடும். பதிவில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று குனிந்து படி. பல படகுகளில் லாரி எஞ்சினைத்தான் மாற்றி வைத்திருப்பார்கள். அதில் தவறில்லை, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். மாற்றியதைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் தவறு.

எஞ்சினைப் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதே. போனதும் கையை வைத்துப் பார்; சூடாக இருந்தால் உனக்கு முன்பே யாரோ ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம். கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்தாற்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் கிளாண்டு, நம் கிணற்று மோட்டாரில் இருக்கிறதே, அதே சங்கதிதான்: ஓடும்போது சொட்டு விடலாம், நிறுத்தியதும் நிற்க வேண்டும். ஒழுகிக்கொண்டே இருந்தால் பேக்கிங் போயிற்று, அல்லது தண்டே தேய்ந்துவிட்டது. முன்னது சில்லறைச் செலவு, பின்னது பெருஞ்செலவு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீ படகை வாங்கிவிட்டு அப்புறம் கொண்டுவருவதாகத் திட்டம் போட்டிருக்கிறாய். அதைத் திருப்பிப் போடு. கொண்டுவருவதும் வாங்குவதில் ஒரு பகுதியாக இருக்கட்டும். யார்டில் பார்த்துத் திருப்தியானதும் முன்பணம் கொடு, முத்திரைத்தாளில் பதிவு எண்ணும் எஞ்சின் எண்ணும் குறித்து ஒப்பந்தம் எழுது. பெரிய பங்கைக் கையில் வைத்துக்கொள். படகு அவர் பெயரிலேயே, அவருடைய இன்சூரன்ஸில், அவருடைய ஆட்களே, சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கும் எஞ்சின் பார்க்கும் டிரைவரும் கையாள் லஸ்கரும், ஓட்ட, கொல்லம் வந்து சேரட்டும். நீயும் நானும் கூட ஏறிக்கொள்வோம். டீசலும் கூலியும் நம் செலவு. கொல்லத்தில் கட்டிய பிறகு கடைசித் தவணை, பெயர் மாற்றம். ஜெட்டியைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டும் ட்ரையல் எதையும் காட்டாது. இரண்டு நாள் தொடர்ந்து ஓடினால்தான் எஞ்சின் சூடு மிஞ்சுகிறதா என்பது புலப்படும், டாங்கின் அடியில் படிந்த கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும், அடியில் எங்கே கசிகிறது என்று தெரியும். இதற்கு ஒப்பாத உரிமையாளருக்குப் படகைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது.

வழி நல்ல வழிதான். மூன்றாம் தேசிய நீர்வழி, 1993-இல் அறிவித்தபோது கொல்லத்திலிருந்து கோட்டப்புரம்வரை 168 கிலோமீட்டர். அதன் தெற்குப் பாதிதான் நமக்கு வேண்டியது. அரசு சுற்றுலாப் படகு இதே தூரத்தை எட்டு மணி நேரத்தில் போயிருக்கிறது. ஹவுஸ்போட் மெதுவாகப் போவது, அதனால் இரண்டு பகல் வைத்துக்கொள். இரவில் ஓட்டவே கூடாது. சாயங்காலம் ஆனதும் மீனவர்கள் வலை விரிப்பார்கள், அதற்காகவே ஹவுஸ்போட்கள் இருட்டும் முன் கரையில் கட்டப்பட வேண்டும்.

புறப்படும் முன் தண்ணீரிலிருந்து கூரை உச்சிவரை அளந்துகொள், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து. வழியில் தாழ்ந்த நடைபாலங்கள் உண்டு, கடல் ஏற்ற நேரத்தில் இடைவெளி இன்னும் குறையும். தொட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டால் ஒரு கவலை விட்டது. ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைத்து நகரச் சொல். புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் லஸ்கர் இறங்கித்தான் அறுக்க வேண்டும், அப்போது எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று நீயே போய்ப் பார்.

தோட்டப்பள்ளி தாண்டினால் பல்லனை வரும். அங்கே ஆறு வளையும் இடத்தில்தான் 1924 ஜனவரி 16-ஆம் தேதி இரவு ரிடீமர் என்ற படகு கவிழ்ந்து, கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போய்க்கொண்டிருந்த மகாகவி குமாரன் ஆசானும் இன்னும் பலரும் மூழ்கினார்கள். நாம் போகும் அதே வழி, எதிர்த்திசை. ஸ்ராங்குகளுக்கு அந்த வளைவு தெரியும். பிறகு திருக்குன்னப்புழையில் லாக். காயங்குளம் காயலின் உப்பு குட்டநாட்டு வயலுக்கு ஏறாமல் தடுக்க வைத்த கதவுகள் அவை. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடுவார்கள், நீர்மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். இரண்டு பக்கமும் பழைய டயர் தொங்கவிட்டு, கயிற்றைக் கட்டி இறுக்காமல் கையில் பிடித்து விட்டுக்கொடுத்தபடி நில். மட்டம் மாறும்போது இறுக்கிக் கட்டிய கயிறு படகைத் தொங்கவைத்துவிடும்.

முதல் இரவு அந்தப் பக்கத்திலேயே தங்குவோம். காயங்குளம் காயலை விடியற்காலையில் கடக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். ஹவுஸ்போட்டுக்கு அடி தட்டை, பக்கம் சுவர்போல் உயரம். காற்று தள்ளினால் சுக்கான் சொல்பேச்சு கேட்காது. காயலில் சீனவலைக் கம்பங்கள் வேறு. அதற்குத் தெற்கே கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு கீற்று நிலம், ஆலப்பாடு. 2004 சுனாமியில் கேரளத்தில் அதிகம் அடி வாங்கிய கரை. சவறா தாண்டி நீண்டகரைப் பக்கம் வரும்போதுதான் கடைசிச் சோதனை. 1953-இல் நார்வேக்காரர் திட்டம் வந்து மீன்பிடி விசைப்படகைப் பழக்கிய இடம் அது. அஷ்டமுடி கடலோடு சேரும் வாயும் அங்கேதான். வற்றம் இறங்கும் நேரத்தில் தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கும், குறுக்கே டிராலர்கள் வரும். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். ஸ்ராங்கு அவசரப்பட்டாலும் நீ அவசரப்படாதே. நங்கூரமும் கயிறும் கையெட்டும் இடத்தில் தயாராக இருக்கட்டும், ஏசிப் பெட்டிக்குப் பின்னால் அல்ல.

உடன் எடுத்துவர வேண்டியது: டீசல் ஃபில்டர் மூன்று நான்கு, ஃபேன் பெல்ட், நீளக் கயிறு, இரண்டு மூங்கில் கழி, கைப்பம்பு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். சமையலறை கேஸ் சிலிண்டரை வழியில் மூடியே வை. மூங்கிலும் பாயுமாக இருக்கும் கூரைக்குத் தீ ஒரு நிமிடம் போதும். சோற்றை அக்கா கட்டித் தருவாள்.

பணத்தைப் பற்றி ஒன்று. கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. மூன்றில் ஒரு பங்கு தனியாக இருக்கட்டும், முதல் மழைக்காலத்துக்குள் அது செலவாகிவிடும். தோப்பை அடமானம் வைக்கலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில், கூடாது.

தைப்பூசக் கூட்டம் குறைந்ததும் பழனியில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறிக் கோட்டயத்தில் இறங்கி வருகிறேன். அந்த மாதம் காயலும் அடங்கியிருக்கும். அதற்குள் யார்டில் கரையேற்ற ஒரு நாள் பேசி வை. நான் வந்து சுத்தியலால் தட்டிப் பார்க்கும்வரை அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா