தூரமும் காலமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தாற் பிரயாண காலம் கிடைக்கும் என்பது நாம் இளமையிற் கற்ற கணக்கு. வாழப்பாடியினின்று சென்னைக்குப் புறப்படும் ஒருவருக்கு அது போதுமா என ஆராய்வோம்.

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். உதான் திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே தொடங்கிய சேவையிற் பறந்தது, மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும் விசிறி விமானம். வகுத்தால் வருவது 32 நிமிடமே. ஆயினும் தரையில் ஊர்தல், மேலேறுதல், திரும்பி இறங்குதல் யாவும் சேர ஒரு மணி நேரமாகும்.

அன்றியும், சென்னை நமக்கு வடகிழக்கே. விமான நிலையமோ மேற்கே, சேலத்துக்கும் அப்பால், சுமார் 50 கிலோமீட்டர். அங்குச் செல்ல ஒன்றேகால் மணி, காத்திருக்க ஒரு மணி, பறக்க ஒரு மணி, வெளிவர அரை மணி. ஆக மூன்றேமுக்கால் மணி. ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியே சாலைத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மணிக்கு 50 வீதம் ஆறு மணி. எஞ்சும் ஆதாயம் இரண்டேகால் மணியே.

32 நிமிடத்தை நம்பித் தாமதித்துப் புறப்படும் மாணவன் நேர்முகத் தேர்வையே இழப்பான். ஆதலின், வீட்டு வாயில் முதற்கொண்டே காலத்தைக் கணக்கிடுக.