இணைய முகவரியில் தோன்றும் சதவிகிதக் குறிகள்

சங்கங்களின் அறிவிப்புகள் தபாலில் வந்த காலம் பெரும்பாலும் கழிந்து, இன்று அவை கைபேசி வாயிலாக வருவது வழக்கமாகிவிட்டது. மகாசபைக் கூட்டத்துக்கு முன் ஆண்டறிக்கையைப் பார்வையிட விரும்பும் அங்கத்தினருக்கு, அவ்வறிக்கை இருக்கும் இடத்தைக் காட்டும் இணைய முகவரி ஒன்று அனுப்பப்படுகிறது. லிங்க் என்று யாவரும் அழைப்பது இதனையே. அம்முகவரியின் முற்பகுதி ஒழுங்காக இருக்கும். பிற்பகுதியிலோ சதவிகிதக் குறியும், ஆங்கில எழுத்துக்களும், எண்களும் மாறி மாறி இரண்டு மூன்று வரிகளுக்கு நீண்டு கிடக்கும். இதைக் கண்ட சிலர், செய்தி பழுதாகி வந்துவிட்டது என்று கருதி ஒதுக்கிவிடுகின்றனர். சிலர் இது பணம் பறிப்போரின் சூழ்ச்சி என்று அஞ்சி அழித்துவிடுகின்றனர். இன்னும் சிலர் வேண்டாத வால் என்று எண்ணிப் பிற்பகுதியை வெட்டிவிட்டுப் பிறருக்கு அனுப்புகின்றனர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றுதான். வரவு செலவைப் பாராமலே அங்கத்தினர் கூட்டத்துக்கு வருகின்றனர். கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமற் போகிறது. ஆகையால் அக்குறிகள் யாவை, எங்ஙனம் வந்தன என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இணைய முகவரி எழுதுவதற்கென்று ஒரு விதிமுறை உண்டு. வையக விரிவு வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரும் வேறிருவரும் 1994-ம் வருஷம் டிசம்பர் மாதம் அதனை எழுதி வெளியிட்டனர். 2005-ம் வருஷம் ஜனவரியில் வெளியான திருத்திய விதியே இன்று பின்பற்றப்படுகிறது. அதன்படி, முகவரியில் தடையின்றி எழுதத்தக்கவை 66 மட்டுமே. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52, எண்கள் 10, சிறு கோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகிய நான்கு. இவையன்றி, வேறு 18 குறிகளுக்குத் தனித்தனி உத்தியோகம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாய்கோடு ஒரு பகுதியை மற்றொரு பகுதியினின்று பிரிக்கிறது. கேள்விக்குறி வந்தால், அதற்குப் பின் இருப்பது தளத்திடம் கேட்கப்படும் விவரம் என்று பொருள். இவற்றைப் பெயரின் நடுவே கண்டபடி எழுதினால், சிப்பத்தின் மேல் ஒட்டிய சீட்டில் கட்டம் பிரிக்கும் கோட்டைப் பெயருக்குள் இழுத்துவிட்டது போலாகும். எது பெயர், எது எண்ணிக்கை என்று குமாஸ்தாவுக்கு விளங்காது. மேற்கூறியவற்றில் அடங்காத எதுவும், வெற்றிடம் உட்பட, சதவிகிதக் குறியிட்டு மாற்றெழுத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே விதி.

ஆங்கில எழுத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்கலாம். 1963-ம் வருஷம் அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட ஆஸ்கி என்னும் பட்டியலில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கில எழுத்துக்களாலும் எண்களாலும் குறிகளாலும் நிரம்பிவிட்டன. முகவரி விதியை எழுதியோர், எந்த நாட்டுக் கணிப்பொறியும் தவறின்றி அறிந்துகொள்ளக்கூடியதும், தாளில் கண்டு எவரும் தட்டச்சு செய்யக்கூடியதுமான எழுத்துக்களையே விரும்பினர். ஆகவே அப்பழைய பட்டியலிலிருந்தே பொறுக்கி எடுத்தனர். தமிழெழுத்துக்களோ யூனிகோடு என்னும் உலகப் பட்டியலில் 1991-ம் வருஷமே இடம் பெற்றிருந்தன. இடம் கிடைத்தது, ஆனால் முகவரிக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை.

இனி, அந்த மாற்றெழுத்து எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். ஜக்கார்டுத் தறியில் அட்டையில் துளை உள்ள இடம், துளை இல்லாத இடம் என இரண்டே நிலைகள் இருப்பதும், அவற்றைக் கொண்டே பூவும் கொடியும் எழுவதும் நெசவாளர்க்குத் தெரியும். கணிப்பொறியும் அவ்விரண்டு நிலைகளைக் கொண்டே யாவற்றையும் எழுதுகிறது. எட்டுத் துளையிடங்கள் கொண்ட சிற்றட்டை ஒன்றை மனத்திற் கொள்க. அதில் 256 விதமாகத் துளையிடலாம். பூஜ்யம் முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை அது குறிக்கும். இதனையே பைட் என்பர்.

இவ்வெண்ணை எழுதும் முறை, 1957-ம் வருஷம் மார்ச் முடிய வழங்கிய ரூபாய் அணாக் கணக்கைப் போன்றது. பதினாறு அணா ஒரு ரூபாய். 32 அணா என்பதை இரண்டு ரூபாய் பூஜ்யம் அணா என்று எழுதுவோம் அல்லவா? வெற்றிடத்துக்குரிய எண் 32. எனவே அது 20 என்று எழுதப்பட்டு, முன்னே சதவிகிதக் குறி பெற்று, %20 ஆகிறது. முகவரிகளில் அடிக்கடி காணும் %20 வெறும் இடைவெளியே அன்றி வேறில்லை. பத்து முதல் பதினைந்து அணா வரை ஒரே குறியால் எழுத வேண்டியிருப்பதால், ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்கள் முறையே அவற்றுக்கு நிற்கின்றன. ரூபாய்க்கும் இதே குறிகள்தாம். இவ்வளவு அறிந்தால் போதும்; அந்த நீண்ட வரியை யாரும் படிக்கலாம்.

தமிழின் ‘அ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு பட்டியலில் அதன் எண் 2949. ஒரு சிற்றட்டையில் 255-க்கு மேல் அடங்காது. ஆகையால், 1992-ம் வருஷம் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்த யு.டி.எஃப்-8 என்ற முறைப்படி அவ்வெண் மூன்று அட்டைகளாகப் பகுக்கப்படுகிறது. அவ்வட்டைகளின் எண்கள் 224, 174, 133. அணாக் கணக்கில் 14 ரூபாய் பூஜ்யம் அணா, 10 ரூபாய் 14 அணா, 8 ரூபாய் 5 அணா. எனவே %ஈ0%ஏஈ%85 என்று வரும். (ஈ, ஏ என்பவற்றை இங்கே ஆங்கில எழுத்துக்களாகக் கொள்க.) தமிழெழுத்துக்கள் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால், ஒவ்வொன்றும் இதே தொடக்கம் பெறுகிறது. தமிழ் முகவரிகளில் ஈ0 என்பது ஓயாமல் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

‘பருத்தி’ என்ற சொல்லைக் கணிப்பொறி ப, ர, உகரக் குறி, த, புள்ளி, த, இகரக் குறி என ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டை. ஒவ்வோர் அட்டைக்கும் மூன்று குறி. ஆக 63 குறிகள். தமிழ் விக்கிப்பீடியாவில் பருத்தி பற்றிய கட்டுரையின் முகவரியை அனுப்பினால், தளத்தின் பெயர் முதலானவற்றுக்கு 30, சொல்லுக்கு 63, மொத்தம் 93 இடங்கள் செலவாகின்றன. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஓர் இடம், கிரேக்க எழுத்துக்கும் ரஷ்ய எழுத்துக்கும் ஆறு, நமக்கு ஒன்பது. இந்தி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்கும் நம் கதியே. எவரும் திட்டமிட்டு ஓரவஞ்சனை செய்ததாக நாம் கருதவில்லை. முந்தி வந்தோர் முன் திண்ணையைப் பிடித்தனர், அவ்வளவே. எனினும் பிந்தி வந்த செலவை நாம்தான் இன்றும் கொடுத்து வருகிறோம்.

நிற்க. உலாவியின் மேற்பட்டையில் ‘பருத்தி’ என்று தமிழிலேயே தெரிகிறதே, பிறருக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் மாறுகிறது என்ற ஐயம் எழலாம். உள்ளே ஓடுவது எப்போதும் மாற்றெழுத்தே. படிப்போரின் சௌகரியத்துக்காக உலாவி அதைத் தமிழாக்கிக் காட்டுகிறது. நகல் எடுக்கும்போதோ, போய்ச் சேரும் இடத்தில் உள்ள செயலி எத்தகையது என்று உலாவிக்குத் தெரியாது. முகவரியின் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தால், பல செயலிகள் முகவரி அங்கேயே முடிந்ததாகக் கொண்டுவிடும். ஆதலால் எங்கும் செல்லுபடியாகும் வடிவத்தையே அது தருகிறது. கணிப்பொறியில் குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில், முகவரியின் முதலெழுத்தை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் தெரிவு செய்து நகல் எடுத்தால், கண்ணுக்குத் தெரியும் தமிழ் வடிவமே வரும். விட்ட எழுத்தைப் பின்னர் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

வாலை வெட்டுவோர்க்கு ஒரு வார்த்தை. மூன்று அட்டைகள் சேர்ந்தே ஓரெழுத்து. நடுவே அறுத்தால் சொல் மட்டுமன்றி எழுத்தே சிதைந்துவிடும். அப்பெயரில் தளத்தில் எதுவும் இராது. உண்மையாகவே பழுதுபட்ட முகவரியும் உண்டு. சதவிகிதக் குறியின் எண் 37. அதாவது 2 ரூபாய் 5 அணா, %25. கவனக்குறைவாக எழுதப்பட்ட செயலி, ஏற்கெனவே மாற்றப்பட்ட முகவரியை மறுமுறையும் மாற்றினால் %20 என்பது %2520 ஆகிவிடும். வரி நெடுகிலும் %25 மலிந்திருக்கக் கண்டால், அது பெரும்பாலும் இருமுறை சாயம் தோய்த்த சரக்கு. அனுப்பியவரிடம் மீண்டும் கேட்பதே வழி.

சங்க நிர்வாகிகள் கவனிக்க வேண்டியது குறுஞ்செய்திச் செலவு. ஆங்கிலம் மட்டும் உள்ள குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கள் அடங்கும். ஒரே ஒரு தமிழெழுத்து கலந்தாலும் 70-க்கு மேல் அடங்காது. மிகுந்தால் பகுதி பகுதியாகப் பிரிந்து செல்லும். கட்டணமும் பகுதிக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுவது வழக்கம். ‘ஆண்டறிக்கை’ என்ற பெயர் ஒன்றே 90 இடம் கொள்ளும். ஆகவே குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டிய ஆவணங்களுக்கு ஆங்கில எழுத்தில் சிறு பெயரிட்டு, வெற்றிடத்துக்குப் பதிலாகச் சிறு கோடு இடுவது சிக்கனம். படிப்பதற்கென அமைந்த பக்கங்களில் தமிழ்ப் பெயரைத் துறக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. தேடி வருவோர் தமிழில்தான் தேடுகின்றனர்.

மோசடி பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் தொடங்கி அடுத்த ஒற்றைச் சாய்கோட்டில் முடியும் பகுதியே தளத்தின் பெயர். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலக்கோடியில் உள்ளதுதான் உடையவரைக் காட்டும். இடக்கோடியில் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் எவரும் எழுதிக்கொள்ளலாம். அப்பகுதியில் அட் குறி இருந்தால், அதற்கு முன் இருப்பது தளத்தின் பெயரே அன்று. சுருக்க முகவரிகளில் உண்மைப் பெயர் மறைந்துவிடுவதால், அவற்றை அறிந்தவரிடமிருந்து வந்தாலன்றித் தொடாதிருப்பது நலம். அதற்குப் பின் வரும் சதவிகிதக் குறிகள் நல்லது கெட்டது எதையும் தெரிவிப்பதில்லை.

தளத்தின் பெயரே தமிழில் இருப்பதும் உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழிலேயே முடியும் முகவரிகளைப் பெற்றிருக்கின்றன. அப்பகுதிக்கு மட்டும் 2003-ம் வருஷம் வகுத்த வேறொரு மாற்றெழுத்து முறை வழங்குகிறது. அதில் சதவிகிதக் குறி வருவதில்லை. எக்ஸ், என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களும் அவற்றையடுத்து இரண்டு சிறு கோடுகளும் தொடக்கத்தில் நிற்கும்.