மூன்று யார்டு கொடுக்கப் பழகுங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம் ஆடுபவர்களிடம் பாஸை இடைமறித்த கதையைக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வார்கள். ஓட்டத்தைத் தடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் மாறும். “அதெல்லாம் கேம் பண்ற தில்லுமுல்லு. எத்தனை பேரை நிறுத்தினாலும் பூந்து போயிடறான்” என்பார்கள். மேடன் வரிசையில் தடுப்புப் பக்கத்தையே விரும்பி ஆடுகிறவன் நான். தில்லுமுல்லு கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொல்லையில் பெரும்பங்கு நம்முடைய எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓடுபவனை நின்ற இடத்திலேயே அமுக்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நிஜ மைதானத்தில் யாராலும் முடியாத காரியம் அது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். பந்தை எறியலாம், அல்லது ரன்னிங் பேக் கையில் கொடுத்து ஓடவிடலாம். மூன்று டவுனில் காரியம் ஆகவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குத் தள்ளிவிடுவார்கள்.

இதில் ஒரு எளிய கூட்டல் ஒளிந்திருக்கிறது. மூன்று ஓட்டத்துக்குத் தலா மூன்று யார்டு கொடுத்தால் ஒன்பதுதான் ஆகிறது. இன்னும் ஒரு யார்டு பாக்கி. இனித் தலையைச் சொறிய வேண்டியவன் எதிராளி. இரண்டு ஓட்டத்தைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு மூன்றாவதில் பதினைந்து கொடுத்தால், இரண்டு முறை நாமே நமக்குக் கைதட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் ஓட்டத் தடுப்புக்குப் பேர்போனது 2000-ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் அணி. 16 ஆட்டங்களிலும் சேர்த்து அவர்கள் விட்டுக்கொடுத்தது 970 யார்டுதான். அந்த அணிக்கு எதிராகவே ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 2.7 யார்டு கிடைத்தது. சாம் ஆடம்ஸ், டோனி சிரகுசா என்ற இரண்டு பெருத்த உடம்புக்காரர்கள் நடுவில் நின்று எதிரணி ஆட்களைத் தாங்கிக்கொள்ள, பின்னாலிருந்து ரே லூயிஸ் வந்து விழுந்த தடுப்பு அது. அவர்களாலேயே பூஜ்யத்தில் நிறுத்த முடியாததை, சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலர் பிடித்திருக்கும் நாம் எதிர்பார்ப்பது அதிகப்படி. மூன்று யார்டில் விழுந்தானா, அது நமக்கு வெற்றி. இந்த மனநிலை வந்த பிறகுதான் கீழே சொல்பவை எல்லாம் பலிக்கும்.

ஸ்னாப்புக்கு முன் ஆளை எண்ணுங்கள்

தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள் என ஐந்து பேர். ஓரத்தில் ஒரு டைட் எண்ட் சேர்ந்தால் ஆறு. ஆறு பேர் வரிசையாக நின்றால் நடுவே ஐந்து இடைவெளி, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆக ஏழு. இவைதான் கேப்கள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே இருப்பது ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, அதற்கு அடுத்தது சி, டைட் எண்டுக்கு வெளியே டி.

4-3 அணிவகுப்பில் முன்னால் நால்வர், பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். ஏழு கேப்புக்கு ஏழு பேர், கணக்கு நேர். எதிராளி பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் மூவரை இறக்கியதும் நாம் பாஸுக்குப் பயந்து நிக்கலுக்கு மாறுகிறோம். ஒரு லைன்பேக்கர் வெளியே போய், ஒரு கார்னர்பேக் உள்ளே வருகிறார். டைட் எண்ட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். கேப் ஏழு, நம் ஆள் ஆறு. விவரம் தெரிந்த எதிராளி சிரித்துக்கொண்டே பந்தைக் கையில் கொடுப்பார். இன்னொரு லைன்பேக்கரையும் வெளியே அனுப்பி டைமுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். “பூந்து போயிடறான்” என்ற புலம்பலில் பாதி இந்தக் கழித்தலில் தீர்ந்துவிடும்.

ஆகவே பந்து ஸ்னாப் ஆவதற்கு, அதாவது சென்டர் அதைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு, முந்தைய சில நொடிகளில் நான் செய்வது எண்ணுவது மட்டுமே. ஓர் ஆள் குறைந்தால், பின்னால் ஆழத்தில் நிற்கும் ஒரு சேஃப்டியை லைன்பேக்கர் மட்டத்துக்கு இறக்குவேன். பாஸுக்குப் பயந்து அப்படிச் செய்ய மனம் வரவில்லையென்றால் முன்வரிசை நால்வரையும் உள்ளே நெருக்கிவிட்டு, வெளியே ஓடும் ஓட்டத்தை என் கையிலிருக்கும் ஆளைக் கொண்டு பார்த்துக்கொள்வேன். எந்தக் கேப்புக்கு ஆள் இல்லை என்று தெரிந்திருந்தால் ஓட்டம் வரும் இடத்தில் பாதி தெரிந்த மாதிரிதான்.

பந்தைத் துரத்தாதீர்கள்

பதினோரு பேரில் நம் கையில் இருப்பவர் ஒருவர். மீதிப் பத்துப் பேரை கேம் ஓட்டுகிறது. முன்வரிசை ஆளை எடுத்துக்கொண்டால் பிளாக்கில் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தியபடியே இருக்க வேண்டியதுதான். ஆழத்தில் நிற்கும் சேஃப்டியை எடுத்தால் அவர் வந்து சேர்வதற்குள் எட்டு யார்டு போய்விடும். ஓட்டத்தைத் தடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் சொல்வது நடு லைன்பேக்கர். கேமராவையும் தடுப்பணியின் முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொள்ளுங்கள். தாக்கும் பக்கத்துக் கேமராவில் கேப்கள் தலைகீழாகத் தெரிந்து குழப்பும்.

கூட உட்கார்ந்து ஆடும் என் அக்கா மகனுக்கு என் ஆட்டம் பார்க்க எரிச்சலாக இருக்கும். “மாமா, பந்து அங்க போகுது, நீங்க ஏன் இங்கயே நிக்கிறீங்க?” என்பான். “நான் இங்க நிக்கிறதாலதான்டா அவன் அங்க போறான்” என்பேன். ஓட்டத் தடுப்பின் சாரம் இதுதான். என் கேப்பில் நான் நின்றால் ஓடுபவன் அடுத்த கேப்பைத் தேட வேண்டும். அங்கே என் அணியின் இன்னொருவர் காத்திருக்கிறார். ஏரிக்கரையில் ஆளுக்கு ஒரு மடை காப்பது போன்ற வேலை. பக்கத்து மடையில் சத்தம் கேட்டு ஓடினால் நம் மடை உடையும்.

கார்டைப் பாருங்கள்

ரன்னிங் பேக்கைப் பார்த்து ஆடுகிறவர் ஏமாறுவார், ஏனென்றால் ஏமாற்றுவதுதான் அவர் தொழில். ஃபுட்பால் பயிற்சியாளர்கள் லைன்பேக்கருக்குச் சொல்லிக்கொடுப்பது எதிரே நிற்கும் கார்டைப் பார்க்கத்தான். அவர் முன்னால் பாய்ந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். பக்கவாட்டில் ஓடத் தொடங்கினால், எங்கே போகிறாரோ அங்கேதான் பந்து.

கவுன்ட்டர் என்ற ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்னாப் ஆனதும் ரன்னிங் பேக் இடப்பக்கம் ஓரடி வைக்கிறார். திரையில் நம் கண் அவரோடு இடப்பக்கம் போகிறது. விரலும் ஸ்டிக்கை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. அதே கணத்தில் இடப்பக்கத்துக் கார்டு தன் இடத்தை விட்டு, சென்டருக்குப் பின்னால் வலப்பக்கமாக ஓடத் தொடங்கிவிட்டார். ரன்னிங் பேக் பந்தை வாங்கித் திரும்பும்போது வலப்பக்கத்தில் அவருக்கு ஓர் ஆள் கூடுதல். கார்டு இடம் மாறியதால் அங்கே ஒரு புதுக் கேப்பே பிறந்துவிட்டது. முதல் அரை நொடி ஸ்டிக்கைத் தொடாமல் கார்டைப் பார்த்திருந்தால், அவரோடு நாமும் வலப்பக்கம் போயிருப்போம். அந்த அரை நொடிப் பொறுமைதான் இந்த ஆட்டத்தில் நான் கற்றவற்றில் அதிகம் பலன் கொடுத்தது.

வெளிப்பக்க ஓட்டத்துக்கு வேறு கணக்கு. முன்வரிசை முழுவதும் ஒரே பக்கம் சரியும். ரன்னிங் பேக் எல்லைக்கோட்டை நோக்கிப் போவார். ஓரத்தில் நிற்கும் நம் ஆள் வெளிப்பக்கத்தை விடாமல் நின்று அவரை உள்ளே திருப்ப வேண்டும். நடு லைன்பேக்கர் அவருக்கு இணையாக ஓடக் கூடாது. ஓரடி பின்தங்கி, அவருடைய உள்பக்க இடுப்பைக் குறிவைத்தே போக வேண்டும். முந்திக்கொண்டு ஓடினால் சட்டென்று உள்ளே வெட்டித் திரும்புவார், நமக்குப் பின்னால் மைதானம் காலி. 1997-இல் ஒரே பருவத்தில் 2,053 யார்டு ஓடிய பாரி சாண்டர்ஸ், அளவுக்கு மீறி முந்திப்போன தடுப்பாளர்களைத்தான் அதிகம் அழவைத்தார்.

இடி வேண்டாம், அணைப்பு போதும்

2004-இல் வெளியான மேடன் என்.எஃப்.எல். 2005-இல் ஹிட் ஸ்டிக் வந்தது. வலது ஸ்டிக்கைச் சுண்டினால் பேரிடியாக ஒரு மோதல். பார்க்கக் கொண்டாட்டம், பந்து நழுவவும் வாய்ப்பு. குறி தவறினால் ஓடுபவன் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பான். என் விதி: எனக்குப் பின்னால் நம் ஆள் யாராவது இருந்தால்தான் இடி. கடைசி ஆளாக நான் இருந்தால் ஸ்பிரிண்ட் பட்டனை விட்டுவிட்டு, வேகத்தைக் குறைத்து, எல்லைக்கோட்டுப் பக்கமாக அவனை ஒதுக்கி, கட்டிப் பிடித்துச் சாய்ப்பேன். இரண்டு யார்டு கூடப் போனால் போகட்டும். 2018 டிசம்பரில் டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி, ஜாக்சன்வில் அணிக்கு எதிராக 99 யார்டு ஓடிய காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது. கைக்கு எட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு கையால் தள்ளித் தள்ளியே போனார். அரைகுறையாக வந்து மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஊகித்து ஆடுவதன் விலை

1989-இல் நின்டென்டோவுக்கு வந்த டெக்மோ போல் ஆட்டத்தில் தாக்கும் அணிக்கு மொத்தமே நான்கு திட்டம். தடுப்பவர் சரியாக ஊகித்துவிட்டால் அந்த ஓட்டம் அங்கேயே நொறுங்கும். தப்பாகப் போனால், அதிலும் எதிரே போ ஜாக்சன் இருந்தால், சொல்லவே வேண்டாம். டவுனுக்கு ஒரு தாயம் உருட்டல், அவ்வளவுதான். பக்கத்துக்கு 9 பேர் ஆடிய கேம் அது. ஜான் மேடன் தன் பேர் போட்ட கேமில் பக்கத்துக்கு 11 பேர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1988-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த முதல் பதிப்பே அப்படித்தான் வந்தது. 11 பேர் இருந்தால்தான் கேப் கணக்கு என்ற ஒன்றே உண்டு.

ஆனால் ஊகிக்கும் வசதி இன்றைய ஆட்டங்களிலும் இருக்கிறது. ஓட்டம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே அறிவித்தால் நம் ஆட்கள் மொத்தமாக அங்கே பாய்வார்கள். எதிராளி பிளே-ஆக்‌ஷனில், ஓடவிடுவதுபோல் காட்டிப் பந்தை எறிந்தால், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு யார்டு மட்டும் பாக்கியிருக்கும் டவுனிலும், எதிராளி ஆட்டத்தை முடிக்க நேரம் கடத்தும்போதும் இதை எடுப்பேன். மற்ற நேரத்தில் தொடுவதில்லை.

கடினம் வேறு, நிஜம் வேறு

ரூக்கி, ப்ரோ, ஆல்-ப்ரோ, ஆல்-மேடன் என்று படிகள் உண்டு. மேலே போகப் போக நிஜம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கத்துப் பலம்தான். இந்த வகை ஆட்டங்களில் அசைவுகள் முன்பே தயாரித்த துண்டுகளாக இருப்பதால், பக்கத்தில் வந்த லைன்பேக்கரைப் பிளாக் காந்தம்போல் இழுத்துக்கொள்வதும், கார்டு பக்கவாட்டில் ஓடியும் நம் அணியின் கம்ப்யூட்டர் ஆள் மரமாக நிற்பதும் நடக்கிறது. இது திறமைக்கு வந்த சோதனை இல்லை, நிரலின் எல்லை. இதற்குத்தான் ஒவ்வொரு திறனையும் ஏற்றி இறக்கும் ஸ்லைடர்கள். நான் ஆல்-ப்ரோவில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அணியின் ரன் பிளாக்கிங்கைக் கொஞ்சமாக இறக்குவேன், நம் டேக்கிளிங்கைத் தொடமாட்டேன். டேக்கிளிங்கை ஏற்றினால் தொட்டதும் விழுவான். கேப் காப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

எவ்வளவு இறக்குவது? மொத்த யார்டைப் பார்க்காதீர்கள். நிஜத்தில் கால்பகுதிக்கு 15 நிமிடம், நாம் வைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஓட்டத்துக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். என்.எஃப்.எல்.-இல் சமீப ஆண்டுகளில் அது நான்கு யார்டுக்குச் சற்று மேல். உங்கள் ஆட்டத்திலும் அந்த அளவில் நின்றால், இரண்டும் மூன்றும் நான்குமாக வந்து எப்போதாவது ஒரு பன்னிரண்டு கிளம்பினால், அமைப்பு சரி. பூஜ்யமும் முப்பதும் மாறி மாறி வந்து சராசரி மட்டும் நான்கில் நின்றால், அது நிஜம் இல்லை.

அணி தேர்ந்தெடுக்கும்போது ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் மயங்க வேண்டாம். நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளுக்கு உடல்வலுவும் பிளாக்கிலிருந்து விடுபடும் திறனும், லைன்பேக்கருக்கு ஆட்டத்தை அறியும் திறனும் எவ்வளவு என்று தனித்தனியே பாருங்கள். வேகம் அதிகமுள்ள, ஆட்டம் புரியாத லைன்பேக்கர் தப்பான கேப்புக்கு வேகமாகப் போய்ச் சேர்வார்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்துபார்க்க வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் ஒன்றே ஒன்று: எதிராளி முதல் டவுனில் ஓடிய பிறகு, இரண்டாவது டவுனில் பாக்கி எத்தனை யார்டு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பாதிக்கு மேல் ஏழோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் ஓட்டத் தடுப்பு வேலை செய்கிறது. பிறகு எதிராளி தானாகவே பந்தை எறியத் தொடங்குவார்; இடைமறித்த கதைகளை அப்போது நீங்களும் சொல்லலாம்.